ஏழுமலையின் வேனுக்கு நான் சொன்ன பெட்ரோல்

நான் வேலை பார்த்த பெட்ரோல் பங்க்கில் இப்போது இருக்கும் செல்வி, போன மாதம் என்னை வழியில் நிறுத்தி ஒரு கேள்வி கேட்டாள். அடி அண்ணாமலைப் பக்கம் கிரிவலப் பாதையில் பால் வாங்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தேன். சீருடையோடு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள் ஸ்கூட்டியை ஓரங்கட்டினாள்.

"அண்ணா, ஒண்ணு கேக்கணும். பெட்ரோல்ல இன்னாமோ கலக்கறாங்க, வண்டி கெட்டுப்போவுதுன்னு போன்ல பாத்துட்டு வந்து எல்லாரும் என்னையே கேக்கறாங்க. பிரீமியம் போட்டா தப்பிச்சிக்கலாமான்றாங்க. நான் இன்னான்னு சொல்றது? நீங்க இத்தினி வருஷம் இருந்தீங்களே, நெசமாவே அது நல்லதா?"

"மேனேஜர் இன்னா சொல்லச் சொல்றாரு?"

"நல்லதுங்க, போட்டுக்கோங்கன்னு சொல்லச் சொல்றாரு."

"அப்ப அதையே சொல்லு."

அவள் சிரித்துவிட்டுப் போனாள். எனக்கு வீட்டுக்கு வந்து சேரும்வரை என் மேலேயே எரிச்சலாக இருந்தது. வேலையை விட்டு ஒரு வருஷம் ஆகிறது. இனி எவருக்கும் பயப்பட வேண்டியதில்லை. அப்படியும் கேட்ட உடனே வாயில் வந்தது பழைய பதில்தான். அவளுக்குச் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். ஒரு வார்த்தையில் முடிந்துவிடக்கூடிய பதில்தான். ஆனால் எனக்கு அந்தப் பதில் வந்து சேர்ந்த வழி நீளமானது, நல்ல வழியும் அல்ல.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். போர்வெல் லாரியில் ஏறி ஆந்திரா, மராட்டியம் என்று நாலு வருஷம் பாறையைத் துளைத்தோம். ஒரு காது மந்தமானது அங்கேதான். பிறகு பெங்களூரில் ஓட்டல் வேலை, செங்கல் சூளை, லாரியில் கிளீனர். போர்வெல்லுக்குப் பிறகு எந்த இடமும் ஒன்றரை வருஷத்துக்கு மேல் என்னை வைத்துக்கொள்ளவில்லை, நானும் இருக்கவில்லை. ஒரு கார்த்திகை தீபத்துக்குத் திருவண்ணாமலைக்கு வந்தேன். சாமி கும்பிட அல்ல, பந்தல் போட ஆள் எடுத்தார்கள் என்று. பந்தல் பிரித்த பிறகும் ஊரை விட்டுக் கிளம்பவில்லை. பஸ் ஸ்டாண்டில் பத்து நாள் படுத்திருந்தேன். மலை உச்சியில் தீபம் ஏற்றுகிற ஊரில், தீப்பெட்டியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு உள்ளே போகக்கூடாத ஓர் இடத்தில் வேலை கிடைத்தது. அங்கேயே இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. ஏன் அங்கே மட்டும் நின்றேன்? நிற்பதுதான் அந்த வேலையே. அதனால்கூட இருக்கலாம்.

என் காலத்து மேனேஜர் பெயர் தனசேகரன். போளூர்க்காரர். ஒல்லியான ஆள். எப்போதும் வெள்ளைச் சட்டை, பையில் மடித்த கைக்குட்டை. சத்தம் போட்டு அவர் பேசி நான் கேட்டதில்லை. திட்ட வேண்டியதிருந்தால் பக்கத்தில் வந்து நின்று, நம் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி பேசுவார். நான் மந்தக் காதுப் பக்கம் நின்றால் சுற்றிக்கொண்டு நல்ல காதுப் பக்கம் வருவார். அவ்வளவு கவனம்.

காலையில் பங்க் திறந்ததும் முதல் வேலையை அவரே செய்வார். நிலத்தடித் தொட்டியின் மூடியைத் திறந்து, அளவுக்கோலின் நுனியில் ஒரு பசையைத் தடவி உள்ளே இறக்குவார். அடியில் தண்ணீர் இருந்தால் பசை நிறம் மாறிவிடும். கோலை வெளியே எடுத்து, வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு, தன் கைக்குட்டையால் துடைத்து வைப்பார். அடுத்து ஒவ்வொரு பம்பிலிருந்தும் கண்ணாடி ஜாடியில் பெட்ரோல் பிடித்து, அதில் அடர்த்தி பார்க்கும் குழாயை மிதக்கவிடுவார். அது ஆடி நிற்கும்வரை அசையாமல் குனிந்திருப்பார். வெப்பத்தையும் பார்த்து, அட்டவணையில் தேடி, நோட்டில் எழுதுவார். டேங்கர் லாரி வந்த அன்று லாரிக்காரன் கொண்டுவந்த சீட்டில் இருக்கும் எண்ணுக்கும் இதற்கும் மூன்று புள்ளிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் சரக்கை இறக்கவே விடமாட்டார். கடைசியாக, முத்திரை குத்திய ஐந்து லிட்டர் பாத்திரத்தை வைத்து ஒவ்வொரு பம்பையும் அளந்து பார்ப்பார். கோட்டுக்கு ஒரு மயிரிழை கீழே நின்றாலும் அந்தப் பம்பை அன்றைக்குத் திறக்கமாட்டார்.

எங்கள் பங்க்கில் அளவு குறைந்தது என்று ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை. அதில் எனக்கு அப்போது பெருமையும் இருந்தது.

வேலைக்குச் சேர்ந்து சில வருஷம் கழித்துப் பிரீமியம் பெட்ரோல் வந்தது. அதற்கென்று தனித் தொட்டி, தனிக் குழாய். முதல் இரண்டு மாதம் யாரும் சீண்டவில்லை. கம்பெனி அதிகாரி ஒருவர் வந்து கண்ணாடி அறையில் தனசேகரன் சாரோடு பேசிவிட்டுப் போனார். அடுத்த நாள் காலை, அளந்து முடித்த பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, சார் எங்களை வரிசையாக நிற்கவைத்தார்.

"இனிமே எந்தப் பெட்ரோல்னு கேக்காதீங்க. கேட்டா சாதான்னுதான் சொல்லுவான். பிரீமியம் ஃபுல்லா சார்னு கேளுங்க. அவன் ஃபுல்லா வேணாம், இவ்ளோ போடுன்னுவான். பிரீமியம் வேணாம்னு சொல்ல மறந்துடுவான்."

நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

"யாராவது இது நல்லதான்னு கேட்டா, பொய் சொல்லாதீங்க. மைலேஜ் இவ்ளோ ஜாஸ்தி தரும்னு கணக்கு சொல்லாதீங்க. நாளைக்கு வந்து சண்டை போடுவான். ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. சும்மாவா சார் விலை ஜாஸ்தி வெச்சிருப்பாங்க? அவ்ளோதான். மீதிய அவனே சொல்லிக்குவான்."

என் பக்கம் வந்து, நல்ல காதில் சொன்னார். "ரத்தினம், அளவுல ஒரு சொட்டு கம்மி ஆச்சுன்னா உன்ன அன்னிக்கே அனுப்பிடுவேன். வாய் உன்னுது. அதுல எவ்ளோ ஊத்தினாலும் நான் கேக்கமாட்டேன்."

'சும்மாவா சார்' என்கிற அந்த வாக்கியம் போல வேலை செய்த ஒன்றை நான் பார்த்ததில்லை. சொல்லிவிட்டு வானத்தைப் பார்த்தால் போதும், கார்க்காரர் தலையாட்டிவிடுவார்.

இந்த ஊருக்கென்று இன்னொரு வழியும் இருந்தது. அதைக் கண்டுபிடித்தது சார்தான். புது வண்டி வாங்கினவர்கள் எங்கெங்கிருந்தோ கோயிலுக்குக் கொண்டுவந்து பூஜை போடுவார்கள். மாலை, சந்தனம், குங்குமம், நாலு சக்கரத்திலும் நசுங்கின எலுமிச்சம்பழம். அங்கிருந்து நேராக பங்க்குக்கு வருவார்கள். வண்டிக்குள் குடும்பமே இருக்கும். "மாலை போட்ட வண்டின்னா கேக்கவே கேக்காத. கையெடுத்துக் கும்பிட்டுட்டு பிரீமியம் குழாயை எடு. பொண்டாட்டி, மாமனார் முன்னாடி இன்னிக்கு எவனும் சாதா போடுன்னு சொல்லமாட்டான்" என்றார். சொன்னபடியே ஒருத்தரும் சொல்லவில்லை. அந்த மாதிரி எத்தனை வண்டிகளைக் கும்பிட்டேன் என்று நினைவில்லை. கோயிலில் அத்தனை தரம் கும்பிட்டிருக்கமாட்டேன்.

பிரீமியம் குறைவாகத் தள்ளுகிறவனுக்குத் தண்டனை காற்றுப் பிடிக்கிற இடம். அது பங்க்கின் கடைக்கோடியில், மேலே கூரை கிடையாது. சித்திரை வெயிலில் நாள் முழுக்கச் சக்கரத்துக்குச் சக்கரம் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து எழுந்திருக்க வேண்டும். முதல் வருஷம் நான் அங்கே இரண்டு மாதம் கிடந்தேன். முட்டி போனது அப்போதுதான். அதற்குப் பிறகு எனக்கு வாய் நன்றாக வந்துவிட்டது. நிழலில், ரோட்டுக்குப் பக்கத்துப் பம்பில் நிரந்தரமாக நிற்கவைத்தார்கள். அந்த நிழலை நான் என் வாயால் சம்பாதித்தேன்.

அந்தப் பெட்ரோல் உண்மையில் என்ன என்பதை எனக்குச் சொன்னவர் மெக்கானிக் பாஷா பாய். அவலூர்பேட்டை ரோட்டில் ஷெட் வைத்திருக்கிறார். அவருக்கு முன்னால் அவர் அப்பாவும் அதே இடத்தில்தான் லாரி இன்ஜின் பார்த்தார். தன் பைக்குக்குப் பெட்ரோல் போட வந்தவரிடம் பழக்கதோஷத்தில் "பிரீமியம் ஃபுல்லா பாய்?" என்று கேட்டுவிட்டேன்.

"ஏம்பா, என்கிட்டயேவா?" என்று சிரித்தார். பிறகு நின்று விளக்கினார். இன்ஜினுக்குள் பெட்ரோல் எரிய வேண்டிய நேரத்துக்கு முன்னால் தானாகவே பற்றிக்கொண்டால், இன்ஜின் அடிக்கும். டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டு ஆட்டுகிற மாதிரி கிணுகிணு என்று கேட்கும். பிரீமியம் அவ்வளவு சுலபத்தில் தானாகப் பற்றிக்கொள்ளாது. இறுக்கிப் பிழிகிற மாதிரி செய்த பெரிய இன்ஜின்களுக்கு அது வேண்டும். அந்த வண்டிகளின் புத்தகத்திலேயே போட்டிருப்பார்கள். சாதாவுக்கென்று செய்த வண்டிக்குச் சாதா போதும்.

"அப்ப சாதா வண்டிக்கு அது போட்டா ஒண்ணும் ஆவாதா பாய்?"

"ஆவாது. நல்லதும் ஆவாது, கெட்டதும் ஆவாது."

நல்லதும் ஆகாது, கெட்டதும் ஆகாது. அதைப் பிடித்துக்கொண்டேன். யாருக்கும் கெடுதல் இல்லாத ஒன்றைத்தான் விற்கிறேன் என்று அதற்குப் பிறகு இன்னும் தைரியமாக விற்றேன். பாய் சொன்னது நல்ல நிலையில் இருக்கிற வண்டிக்கு. அதை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஏழுமலை என்னைவிட ஆறு வயது சின்னவன். அடி அண்ணாமலையில் என் வாடகை வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருக்கிறான். அவன் அப்பாவுக்கு இருந்த கொஞ்சம் நிலத்தை அண்ணன் தம்பி பிரித்ததில் இவன் பங்குக்கு வந்ததைக் கொடுத்துவிட்டு ஒரு பழைய பெட்ரோல் வேன் வாங்கினான். டிரைவர் சீட்டுக்கு அடியில் இன்ஜின் இருக்குமே, அந்த மாதிரி வேன். செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் தங்குகிறவர்களை ஏற்றிக்கொண்டு பெங்களூர், சென்னை, ஜவ்வாது மலை என்று போவான். வெள்ளைக்காரர்களிடம் நாலு வார்த்தை இங்கிலீஷ் பேசுவான், அதில் மூன்று வார்த்தை 'நோ பிராப்ளம்'தான் என்று நாங்கள் கேலி செய்வோம். அந்த வேனைத் தவிர அவனுக்கு ஒன்றும் இல்லை. பொண்ணு நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள், அதுவும் அந்த வேன் ஓடித்தான்.

வாரத்தில் நாலு நாள் என் பம்புக்குத்தான் வருவான். வண்டியை நிறுத்திவிட்டு ரேடியேட்டரைத் திறப்பான். நான் பெட்ரோல் ஓடிக்கொண்டிருக்கும்போதே தண்ணீர்க் கேனை எடுத்து ஊற்றிவிடுவேன். அது எங்கள் பங்க்கின் இலவசச் சேவை. 'காற்று, தண்ணீர் இலவசம்' என்று போர்டே இருந்தது. தண்ணீர் எங்கள் போர் தண்ணீர். நல்ல உப்பு. அதில் முகம் கழுவினால் கண் எரியும். அதில் டீ போட்டால் திரியும் என்று டீக்கு மட்டும் வெளியிலிருந்து கேன் வாங்குவோம். பாத்திரம் கழுவினால் அடியில் வெள்ளையாகப் படிந்துவிடும். அப்படிப்பட்ட தண்ணீரைத்தான் இருபத்தைந்து வருஷம் ஊரார் வண்டிகளில் இலவசமாக ஊற்றிக்கொண்டிருந்தோம். பெட்ரோலைத் தினமும் காலையில் குழாய் போட்டு, கோல் போட்டுச் சோதித்தவர்கள் அந்தக் கேனை ஒருநாளும் முகர்ந்துகூடப் பார்த்ததில்லை. அதற்கு விலை இல்லை, அதனால் சோதனையும் இல்லை.

எட்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு பௌர்ணமிக்கு ஐந்தாறு நாள் இருக்கையில், காலை பத்து மணி வாக்கில் ஏழுமலை வந்தான். இறங்கியதும் ரேடியேட்டரைத் திறக்கவில்லை. என்னிடம் வந்து நின்றான்.

"ண்ணா, வண்டி மேட்ல ஏறும்போது அடிக்குது."

"எப்படி?"

"சலங்கை கட்டின மாரி. ஜவ்வாது மலை ஏறினேன், பின்னாடி உக்காந்த அம்மா இன்னாப்பா சத்தம்னு கேக்குது. பாஷா பாய்கிட்ட காட்டினேன். ரெண்டு நாள் வண்டிய விட்டுட்டுப் போ, பிரிச்சுப் பாக்கணும்ன்றாரு. பௌர்ணமி வருது, எல்லாம் சவாரி பேசி வெச்சிருக்கேன். அப்புறமா விடலாம்னு பாக்கறேன். நீ இன்னா சொல்ற?"

வேனில் சூட்டைக் காட்டுகிற முள் எப்போதோ செத்துப்போயிருந்தது. அது எனக்கும் தெரியும். அது அசையாமல் கிடக்கிறதை வைத்து, 'உன் வண்டிக்குக் காய்ச்சலே வராதுடா' என்று கிண்டல் செய்தவனே நான்தான்.

கண்ணாடி அறையில் தனசேகரன் சார் உட்கார்ந்திருந்தார். அந்த மாதம் என் பிரீமியம் குறைவு. காற்றுப் பிடிக்கிற இடத்திலிருந்து பக்கத்துப் பம்புக்குத் திரும்பி வந்தவன் என்னைவிட இரண்டு நாளாக முந்திக்கொண்டிருந்தான். இதெல்லாம் மனசில் இருந்ததா என்று கேட்டால், இருந்தது. ஆனால் அதற்காக மட்டும் சொன்னேன் என்றும் சொல்லமுடியாது. எனக்குத் தெரிந்ததைக் காட்டிக்கொள்ளவும் ஆசை. எட்டாவது படித்தவனுக்கு ஒரு விஷயம் தெரிந்திருந்தால் சும்மா இருக்கமாட்டான்.

"அடிக்குதா? அதுக்குத்தான்டா பிரீமியம். பாயே எனக்குச் சொல்லியிருக்காரு. போட்டுப் பாரு, சத்தம் நிக்கலன்னா என்னைக் கேளு."

"நெசமாவா? இது பழைய வண்டிண்ணா."

"சும்மாவாடா விலை ஜாஸ்தி வெச்சிருப்பாங்க?"

கஸ்டமரிடம் சொல்கிற அதே வாக்கியம். அவனிடமும் அதுதான் வந்தது. அவன் தலையாட்டினான். பிரீமியம் போட்டேன். பிறகு ரேடியேட்டரைத் திறந்து கேனில் இருந்த தண்ணீரையும் ஊற்றினேன். வழக்கத்தைவிட அதிகமாகக் குடித்தது. "தாகம் போலிருக்குடா உன் வண்டிக்கு" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

மூன்றாம் நாள் ஓடிவந்தான். சத்தம் நின்றுவிட்டதாம். "ண்ணா, நீ டாக்டர்ணா!" என்று எல்லார் முன்னாலும் சொன்னான். நான் தனசேகரன் சார் இருந்த பக்கம் பார்த்தேன். அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அன்று சாயங்காலம் என் பக்கத்தில் வந்து, "உன் வாய் நல்ல வாய்ப்பா" என்றார். அத்தனை வருஷத்தில் அவர் என்னைப் பாராட்டியது அந்த ஒரு தரம்தான்.

பாயிடம் வண்டியை விடுவதை அவன் மறந்துவிட்டான். சத்தம் இல்லாத வண்டியை எதற்குப் பிரிப்பது? இரண்டரை மாதம் ஓடியது. வாரத்தில் நாலு நாள் பிரீமியம், அந்த நாலு நாளும் என் கேன் தண்ணீர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஜமுனாமரத்தூர் போகிற மலைப்பாதையில் வண்டி நின்றுவிட்டது. உள்ளே ஒரு குடும்பம், ஆறு பேர். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வெள்ளைப் புகை வந்தது, பிறகு இன்ஜின் இறுகிப்போய்ச் சாவியைத் திருப்பினாலும் அசையவில்லை. அவர்களைப் பின்னால் வந்த பஸ்ஸில் ஏற்றிவிட்டு, ஒரு டிராக்டரில் கயிறு கட்டி வேனை ஷெட்டுக்கு இழுத்துவந்தான்.

திங்கட்கிழமை வேலைக்கு நடுவில் ஷெட்டுக்குப் போனேன். பாய் இன்ஜினைப் பிரித்துச் சாக்கின் மேல் பரப்பியிருந்தார். ஏழுமலை ஓர் ஓரத்தில் கவிழ்த்துப் போட்ட டயரின் மேல் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்து எழுந்தான். "உக்காருடா" என்றேன். உட்காரவில்லை. பொண்ணுக்கு பீஸ் கட்ட நாள் கேட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான்.

பாய் ரேடியேட்டரைத் தூக்கி என் முன்னால் வைத்தார். ஸ்குரு டிரைவரால் உள்ளே சுரண்டினார். வெள்ளை வெள்ளையாக ஓடு உதிர்ந்தது. பாதிக் குழாய்களில் ஊசி நுழைய வழியில்லை.

"உப்பு. தண்ணி சுத்தவே இல்ல. இன்ஜின் கொதிச்சுக்கினே இருந்திருக்கு. ஹெட் வளைஞ்சு போச்சு, பிஸ்டன் புடிச்சிக்கிச்சு. இதுக்கு மேல இதப் பாக்கறதுக்கு வேற வண்டியே வாங்கலாம்."

"அடிச்சது நின்னுச்சே பாய்?"

அவர் கையைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். கோபம் இல்லை, அதைவிட மோசமாக இருந்தது.

"ஏன் அடிச்சுது? சூட்டுல அடிச்சுது. என்னைப் பாரு, நான் சாகப் போறேன்னு கத்திச்சு. அந்த வண்டில சூடு சொல்றதுக்கு முள்ளும் இல்ல, ஒண்ணும் இல்ல. அந்தச் சத்தம் ஒண்ணுதான் இருந்துச்சு. நீ பிரீமியத்த ஊத்தி அதோட வாயப் பொத்திட்ட. சூடு அப்படியே இருந்துச்சு. அன்னிக்கே விட்டிருந்தான்னா ரேடியேட்டரக் கழட்டி அடைப்பு எடுத்துக் குடுத்திருப்பேன். ஒரு நாள் வேலை."

நான் அந்த வெள்ளை ஓட்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன். எங்கள் பங்க்கின் தண்ணீர்த் தொட்டி அடியில் இருப்பது போலவே இருந்தது. விலை ஜாஸ்தியானதை ஒரு கையிலும் இலவசத்தை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு அவன் வண்டியைக் கொன்றவன் நான்தான்.

"பாய், பெட்ரோல் விஷயத்த அவன்கிட்ட சொல்லாதீங்க" என்றேன்.

"நான் எதுக்குச் சொல்றேன்? உன் வாய்ல வந்தது. நீயே சொல்லு."

நான் சொல்லவில்லை. வேன் இரும்புக் கடைக்குப் போனது. பொண்ணு அந்த வருஷம் படிப்பை நிறுத்திவிட்டு ஒரு துணிக்கடையில் நின்றாள், பிறகு கல்யாணம் ஆகிப் போனாள். ஏழுமலை ஆசிரமத்துப் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுஸ் முதலாளியின் காருக்கு டிரைவர் ஆனான். சொந்த வண்டியில் லுங்கியோடு வந்தவன் வெள்ளைச் சீருடை போட்டுக்கொண்டு வந்தான். பங்க்குக்கு வருவான். ஆனால் என் பம்பு காலியாக இருந்தாலும் பக்கத்து வரிசையில்தான் நிற்பான். அது தற்செயல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான் வேலையை விடும்வரை ஏழு வருஷம் தொடர்ந்து ஒரு தற்செயல். தெருவில் பார்த்தால் "இன்னாண்ணா, நல்லா கீறியா?" என்பான். அவ்வளவுதான்.

தனசேகரன் சாரிடம் ஒருநாள் அந்தத் தண்ணீரைப் பற்றிச் சொன்னேன். போர்டையாவது எடுத்துவிடலாம் சார், நல்ல தண்ணீர் வைக்கலாம் என்றேன். "இலவசமா குடுக்கறதுல குத்தம் கண்டுபிடிச்சா எப்படிப்பா?" என்றார். அளவுப் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார் அப்போது. அவர் ஓய்வு பெற்ற அன்று நாங்கள் எல்லாரும் சேர்ந்து சால்வை போட்டோம். சால்வையை அவர் தோளில் போர்த்தியது நான்தான்.

செல்வி கேட்டுவிட்டுப் போன நாலாம் நாள், நான் ஏழுமலையைத் தேடிப் போனேன். காலை பதினோரு மணி. கெஸ்ட் ஹவுஸ் வாசலில், வேப்பமர நிழலில் முதலாளியின் காரைத் துடைத்துக்கொண்டிருந்தான். புது வெள்ளைக் கார்.

"இன்னாண்ணா, இந்தப் பக்கம்?"

சுற்றி வளைக்காமல் சொன்னேன். சத்தம் எதற்காக வந்தது, பிரீமியம் என்ன செய்தது, தண்ணீர் எங்கிருந்து வந்தது, பாயிடம் நான் என்ன கேட்டுக்கொண்டேன், எல்லாம். அவன் துடைப்பதை நிறுத்தவில்லை. ஒரு கண்ணாடி முடிந்து அடுத்த கண்ணாடிக்குப் போனான்.

"தெரியும்ணா" என்றான்.

"பாய் சொன்னாரா?"

"அவரு எதுக்கு? இன்ஜின் என் சீட்டுக்கு அடியிலதான இருந்துச்சு. சத்தம் நின்னுச்சு, சூடு நிக்கல. தொடையெல்லாம் கொதிக்கும். ரெண்டரை மாசம் கோணிய மடிச்சுப் போட்டுக்கினுதான் உக்காந்தேன். எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன்டா ஓட்டின?"

"நீ சொன்னது சரியா இருக்கணும்னு எனக்கும் ஆசைதான. வண்டிய விட்டா சவாரி போயிடும். நீயும் நல்லா ஆயிடும்னுட்ட. ரெண்டு பேரும் சேந்துதான் ஓட்டினோம்." துணியைப் பிழிந்து உதறினான். "அதுக்கு நான் உன்ன ஒண்ணும் சொல்லல. நீயா வந்து சொல்லுவேன்னு பாத்தேன். ஒரு வருஷம் பாத்தேன், ரெண்டு வருஷம் பாத்தேன். நாலு வீடு தள்ளி இருந்துக்கினு."

மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். அந்த வாயிலிருந்து எது வந்தாலும் அவன் நம்பமாட்டான் என்று தோன்றியது. மூடிக்கொண்டேன்.

அந்த நேரத்தில் முதலாளி வெளியே வந்தார். நாற்பது வயது இருக்கும், நல்ல மனிதராகத் தெரிந்தார். சென்னைக்குக் கிளம்புகிற அவசரம். "ஏழுமலை, வழியில பெட்ரோல் போட்டுடணும். பெட்ரோல்ல கலக்கற இந்த எத்தனால் தொல்லைக்கு எல்லாரும் பிரீமியம் போடச் சொல்றாங்களே, போட்டுடலாமா?"

ஏழுமலை என் பக்கம் தலையைக் காட்டினான். "இவரைக் கேளுங்க சார். காலமெல்லாம் பங்க்லயே இருந்தவரு. நல்லா சொல்லுவாரு."

அதில் கேலி இருந்ததா என்று அவன் முகத்தில் தேடினேன். தெரியவில்லை. முதலாளி என்னைப் பார்த்தார். ஏழுமலையும் பார்த்தான்.

"உங்க வண்டிப் புத்தகத்துல வேணும்னு போட்டிருந்தா போடுங்க. இல்லன்னா சாதாவே போதுங்க. எதுல எவ்ளோ கலக்கறாங்கன்னு எனக்குத் தெரியாது, பங்க்ல நிக்கறவங்களுக்கும் தெரியாது. வண்டி எப்பனா சத்தம் போட்டுச்சுன்னா பெட்ரோல மாத்தாதீங்க, மெக்கானிக்கிட்ட விடுங்க" என்றேன். என் வாழ்நாளில் ஒரு கார்க்காரரிடம் சாதா போதும் என்று சொன்னது அதுதான் முதல் தரம்.

அவர் மரியாதையாகத்தான் கேட்டுக்கொண்டார். பிறகு பின்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டே சிரித்தார்.

"நீங்க சொல்றது சரிங்க. ஆனா சும்மாவா விலை ஜாஸ்தி வெச்சிருப்பாங்க?"

ஏழுமலை கண்ணாடி வழியாக என்னை ஒருதரம் பார்த்தான். வண்டியைக் கிளப்பினான். புது வண்டி, சத்தமே இல்லை.